ஜலகண்டம்

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. இவ்வயதில் ஒரு பெண் செய்யத்தக்கவை எவை, தகாதவை எவை என்று நம்மவர் ஓர் அட்டவணை வகுத்து வைத்திருக்கின்றனர். கடலலையின்மீது பலகையிட்டு, அப்பலகையின்மேல் எழுந்து நின்று கரைக்கு வருவது அவ்வட்டவணையில் எப்பக்கம் இருக்கும் என்பதை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரைக்கு அக்காரியத்தின் பொருட்டே நான் பிரயாணப்பட்டேன். அங்கு நடந்ததைக் காட்டிலும், அதற்கு முன் எட்டு மாத காலம் ஈப்போவில் நடந்த ஆயத்தமே பெரிது. அதைப்பற்றித்தான் எழுத எண்ணுகிறேன்.

விஷயம் என் மகளால் தொடங்கிற்று. கோலாலம்பூரில் உத்தியோகம் பார்க்கும் அவள், 2024 ஜூலையில் ஒருநாள் வீட்டிற்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, அடுத்த மார்ச்சில் சர்பிங் கற்றுக்கொள்ள உங்கள் பெயரையும் என் பெயரையும் கொடுத்துவிட்டேன்" என்றாள். சர்பிங் என்பது இக்காலத் தமிழில் அலைச்சறுக்கு எனப்படுவது. நான் சிரித்தேன், என் கணவரும் சிரித்தார். சிரிக்காதவர் ஒருவரே. அவர் அடுப்படி வாயிலில் நின்றுகொண்டிருந்த என் தாயார். அவருக்கு எண்பது வயது.

"தண்ணியிலயா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் ஒன்பது நாட்கள் என்னோடு பேசவில்லை.

முதற்பாடத்திற்கு வருவோர் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்களை ஒரு ஜாபிதாவாக மகள் எனக்கு அனுப்பியிருந்தாள். வெயிலுக்கும் பலகையின் உராய்வுக்கும் தாங்கும் முழுக்கைச் சட்டை, உடலோடு ஒட்டிய கால்சட்டை, வெயிற்களிம்பு, மாற்றுடை, குடிதண்ணீர் என்று அது நீண்டது. பாடத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இலேசான உணவு உண்ண வேண்டும். நகை நட்டு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலே முதல் வரியாக ஒரு கேள்வி இருந்தது: நீந்தத் தெரியுமா? மற்றப் பொருள்களை ஈப்போக் கடைத்தெருவில் ஒரு மாலைப்பொழுதில் வாங்கிவிடலாம். அந்த முதல் வரிக்கு மட்டும் நான் நாற்பத்தாறு ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டியிருந்தது.

நான் பிறந்தது பத்து காஜாவுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இன்று அவ்விடம் பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. நான் பிறந்த சில நாட்களில் ஜாதகம் கணித்த ஜோதிடர், எனக்கு ஜலகண்டம் உண்டென்று எழுதி வைத்தார். எனக்கு மூன்று வயது மூத்தவனான என் அண்ணனுக்கோ தீர்க்காயுள், எண்பதுக்குக் குறையாது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசினாரல்லவா? அக்கூட்டத்தைத் தாம் நேரில் கண்டதாக வாழ்நாளெல்லாம் பெருமை பேசிய என் தாத்தாதான் அந்த ஜோதிடரை அழைத்து வந்து தட்சணையும் கொடுத்தவர். நம் சீர்திருத்தம் மேடையிலிருந்து லயத்து வீட்டிற்கு நடந்து வருவதற்குள் எத்தனை முறை களைத்து உட்கார்ந்துவிடுகிறது, பாருங்கள்.

ஆகவே ஆற்றங்கரை, கால்வாய், கிணற்றடி ஒன்றும் எனக்கு ஆகாது. அண்ணனுக்கு எதற்கும் தடையில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு ஈய லம்பத்துக் குளங்களை நான் வருணிக்க வேண்டியதில்லை. ஈயமண்ணை வாரி எடுத்தபின் கைவிடப்பட்ட பள்ளங்கள் மழைநீர் நிரம்பிப் பச்சையும் நீலமுமாகக் கண்ணைக் கவரும். 1978-இல், பள்ளி விடுமுறையில் ஒரு பகற்பொழுது, அண்ணனும் தோழர் மூவரும் அத்தகைய குளமொன்றில் இறங்கினர். மூவர் ஏறி வந்தனர். அவனுக்கு அப்போது பதினொரு வயது, எனக்கு எட்டு.

முனி காலைப் பிடித்து இழுத்துவிட்டது என்று தோட்டம் முழுவதும் பேசிற்று. பூசாரி வந்தார், சேவல் அறுக்கப்பட்டது, குளக்கரையில் எலுமிச்சம்பழம் நறுக்கி நாற்புறமும் எறியப்பட்டது. தீர்க்காயுள் எழுதித் தந்த ஜோதிடரிடம் என் தகப்பனார் கோபமாகப் போய்க் கேட்டார். அவர் சிறிதும் தடுமாறவில்லை. தங்கைக்கு இருந்த கண்டம் அண்ணன்மேல் மாறிவிட்டது என்று விடை சொன்னார். எட்டு வயதுக் குழந்தை காதால் கேட்கும்படி அவ்வார்த்தையைச் சொன்ன அம்மனிதரை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை. எனக்கு வரவேண்டிய சாவை வாங்கிக்கொண்டு அண்ணன் போய்விட்டான் என்று எண்ணிக்கொண்டே நான் வளர்ந்தேன். என் கல்யாணத்தன்றுகூட அந்நினைவு இருந்தது. இதை இதற்குமுன் நான் யாரிடமும் சொன்னதில்லை.

முனியின் கதையை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் உட்கார்ந்து ஆராய்ந்தேன். லம்பத்துக் குளத்தின் கரை ஆற்றங்கரைபோல் மெல்லச் சரிவதன்று. ஈயத்தைக் கழுவி ஒதுக்கிய மணலும் களிச்சேறும் குவிந்த கரை அது. முழங்கால் ஆழத்தில் நிற்பவன் இன்னும் ஓரடி வைத்தால் தலைக்குமேல் ஆழம். காலுக்கு அடியிலிருப்பது தரையன்று, கூழ். ஊன்ற ஊன்ற உள்வாங்கும். மேல்நீர் வெயிலில் சுட்டிருக்க, கீழ்நீர் குளிர்ந்திருக்கும். திடீரென்று குளிர்நீர் பட்டவன் தன்னையறியாமல் மூச்சை இழுத்து நீரைக் குடிப்பான். சுற்றிலும் வேலியில்லை, எச்சரிக்கைப் பலகையில்லை. நான்கு சிறுவர்களில் ஒருவனுக்கும் நீந்தத் தெரியாது. கரையில் பெரியவர் ஒருவரும் இல்லை. யாரேனும் ஒருவர் நின்று, ஒரு காண்டாக் கம்பை நீட்டியிருந்தாலே போதும். இத்தனை காரணங்கள் கண்ணெதிரே கிடக்க, முனியின் தலையில் பழியைப் போட்டால் என்ன லாபம்? லாபம் உண்டு. முனியைக் குற்றம் சொன்னால் வேலி போடாதவனைக் கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்காத நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் ஏன் நீந்தக் கற்கவில்லை? என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஏழெட்டு நாள் மேல்தட்டில் படுத்துக் கிடந்து, பினாங்கில் இறங்கியவர். வங்காள விரிகுடாவையே கடந்து வந்தவருக்கு இடுப்பளவு நீரில் நிற்கத் தெரியாது. பரதவர் முதலிய கடலோர மக்களுக்கு நீர் தொழிற்களம். உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம்மவரில் பெரும்பகுதியினருக்கோ, ஊர்க்குளமும் பொதுக்கிணறும் பார்ப்பதற்கு மட்டுமே உரியவை, தொட்டால் தீட்டு. 1927 மார்ச் 20-இல் டாக்டர் அம்பேத்கர் மகாட் நகரத்துச் சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்ததற்கே அங்கே அடிதடி நடந்தது. அள்ளிக் குடிக்கவே உரிமையில்லாதவன் அதில் முங்கி நீந்துவது எங்ஙனம்? ஜாதி நம்மிடமிருந்து பறித்தவற்றைக் கணக்கெடுப்போர் கோயிலையும் பள்ளியையும் எழுதுகின்றனர். நீச்சலையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழரின் சந்ததியார் டர்பன் நகரில் வாழ்கின்றனர். அந்நகரம் அலைச்சறுக்கிற்கு உலகெங்கும் பேர்பெற்றது. ஆனால் 1953-இல் இயற்றிய நிறப்பிரிவினைச் சட்டத்தால் நல்ல கடற்கரைகள் வெள்ளையர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தன. அச்சட்டம் 1990-இல்தான் ஒழிந்தது. அங்கே நிறம், இங்கே ஜாதி. நீருக்கு இரண்டும் தெரியாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீந்தவும், நீரில் தம்மைக் காத்துக்கொள்ளவும் கற்பிப்பது அந்நிறுவனம் கூறும் பரிகாரங்களுள் ஒன்று. எலுமிச்சம்பழம் அப்பட்டியலில் இல்லை.

ஆகஸ்டு மாதம், ஈப்போவில் ஒரு பொது நீச்சற்குளத்தில், அறுபது வயதைக் கடந்த சீன மாது ஒருவரிடம் நான் மாணவியானேன். என்னுடன் சேர்ந்தவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகள். முகத்தை நீருக்குள் வைத்து வாயால் காற்றை ஊதுவதுதான் முதற்பாடம். பிள்ளைகள் அதை ஐந்து நிமிஷத்தில் செய்தனர். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் முகம் நீரைத் தொட்டவுடன் நெஞ்சு அடைக்கும். எழுந்து நின்று குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொள்வேன். அந்த ஆசிரியை ஒருமுறையேனும் 'பயப்படாதே' என்று சொல்லவில்லை. "இன்று மூக்கு வரை, நாளைக்குக் கண் வரை" என்பார், அவ்வளவுதான். நல்ல ஆசிரியர் இலட்சணம் அதுவென்று நினைக்கிறேன்.

மிதத்தல் என்பது கற்க வேண்டிய வித்தையே அன்று, கெடுக்காமல் இருக்க வேண்டிய ஒன்று என்பதை அங்கேதான் அறிந்தேன். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து நிறுத்தினால் உடல் தானே மேலே நிற்கிறது; முற்றிலும் வெளியே விட்டால் அமிழ்கிறது. பயந்தவன் கூச்சலிட்டுக் காற்றை இழக்கிறான். கைகளை மேலே தூக்குகிறான். தூக்கிய கையின் பாரம் தலையைத் தாழ்த்துகிறது. மூழ்குகிறவனைக் கீழே இழுப்பது அவனுடைய பயமேயல்லாமல் வேறு கை ஒன்றும் அங்கே இல்லை.

அக்டோபரில் ஒருநாள் நான் முதன்முறையாக மல்லாந்து மிதந்தேன். காதுகள் நீருக்குள் இருந்தமையால் உலகத்துச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. மேலே வானம். அண்ணனை நினைத்தேன். இவ்வளவுதானே, இதை யாராவது உனக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியபோது அழுகை வந்தது. நீரில் கிடப்பவர் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

ஜனவரிக்குள் இருநூறு மீட்டர் தூரம் நிற்காமல் நீந்தும் அளவுக்குத் தேறினேன். லூமுட்டுக்கு அருகிலுள்ள தெலுக் பாத்திக் கடற்கரையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பழகினேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால், கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ, அவ்வளவு சிறிய வேற்றுமையும் உடம்புக்குத் தெரிகிறது. கடல் நம்மைச் சற்று அதிகமாகவே தாங்குகிறது.

பேராக்கிலேயே கடற்கரை இருக்கச் செராத்திங் வரை போவானேன் என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அலை என்பது காற்றின் பிள்ளை. பரந்த நீர்ப்பரப்பின்மேல் காற்று நெடுநேரம், நெடுந்தூரம் வீசினால்தான் பேரலை பிறக்கும். நம் மேற்குக் கரையிலோ மலாக்கா நீரிணை ஒடுங்கியது. அப்பால் சுமத்திரா பெருஞ்சுவர்போல் நீண்டு கிடந்து இந்து சமுத்திரத்தின் அலைகளைத் தடுத்துவிடுகிறது. கிழக்குக் கரைக்கு எதிரே தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அதன்மேல் வீச, குவாந்தானுக்கு வடக்கேயுள்ள செராத்திங் விரிகுடாவில் அலைகள் வரிசை வரிசையாக வந்து உடைகின்றன. டிசம்பரிலும் ஜனவரியிலும் அவை மூர்க்கமாக இருக்கக்கூடும். புதியவர்களுக்குப் பருவத்தின் முதலோ முடிவோதான் நல்லது.

அலை ஓடி வருகிறது என்கிறோம். ஓடி வருவது நீரன்று, அதன் அசைவே. லாலான் புல்வெளியில் காற்றடிக்கும்போது வளைவு ஒன்று இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு ஓடுகிறது. புல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதுபோலத்தான். ஆழம் குறைந்து, அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆனவுடன், அலையின் அடி தரையில் இடறித் தலை முன்னே கவிழ்கிறது. அப்போதுதான் வெள்ளை நுரை புரண்டு வருகிறது. புதிய மாணவருக்கு உரியது இடுப்பளவு ஆழத்தில் வரும் அந்த நுரைநீர் மட்டுமே. உடையாத பச்சை அலை தேர்ந்தவர்களுக்கு.

இவ்விளையாட்டு ஹவாய்த் தீவினருடையது. அரசரும் குடிகளும் ஆணும் பெண்ணும் அங்கே அலையேறி விளையாடினர். 1820 முதல் அங்கு வந்திறங்கிய பாதிரிமார், உடை குறைவென்றும் ஆண்பெண் கலப்பென்றும் அதனை வெறுத்தனர். அந்நியர் கொண்டுவந்த நோய்களால் மக்கள்தொகையும் அழிந்துகொண்டே வந்தது. அந்நூற்றாண்டின் கடைசியில் அவ்விளையாட்டு ஏறத்தாழ மறைந்திருந்தது. மீண்டும் அதை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் டியூக் கஹானமோக்கு என்ற ஹவாய்க்காரர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கப்பதக்கம் வென்றவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கே ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

நமக்கு இது அந்நியமென்று சொல்லிவிட முடியாது. சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், கரையில் உடையும் பேரலைகளைத் தாண்டி நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு, மரத்தின்மேல் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுப் போவார்கள். கட்டுமரம் என்ற நம் சொல்லே திரிந்து ஆங்கிலத்தில் ஏறியது. இன்று சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில், மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் முன்னின்று உண்டாக்கிய அலைச்சறுக்குப் பள்ளியில் மீனவ இளைஞர்கள் ஊர்ஊராக வருகிறவர்களுக்கு ஆசிரியராக இருக்கின்றனர். அதைப் படித்தபோது எனக்கு உண்டான உற்சாகம் கொஞ்சமன்று. ஆயினும் உற்சாகத்தால் பலகையின்மேல் நிற்க முடியாதே.

ஏனெனில் நீச்சல் பாதி ஆயத்தம். எழுந்து நிற்பதே மறுபாதி. பலகையில் குப்புறப்படுத்து, இரு கைகளாலும் நீரைத் தள்ளி, அலை பலகையைத் தூக்கிய நொடியில் உள்ளங்கைகளை மார்பருகே ஊன்றி உடலை உயர்த்தி, ஒரே வீச்சில் கால்களை அடியில் கொண்டுவந்து நிற்க வேண்டும். இதைத் தரையிலேயே நாள்தோறும் பழக வேண்டுமென்று மகள் கட்டளை. நடுக்கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கிழித்து, விடியற்காலையில் பழகினேன். முதல் மாதம் நான் எழுந்து நின்ற அழகைக் கண்டு, பசு எழுந்திருப்பதுபோல் இருக்கிறதென்று கணவர் சொன்னார். பசு பின்னங்காலை முதலில் எழுப்பும். நானும் அப்படித்தான் செய்திருப்பேன் போலும்.

அம்மா அறைக்கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நான் நீச்சற்குளத்திலிருந்து திரும்பும் நாட்களில், தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். வந்தவுடன் எழுந்து உள்ளே போய்விடுவார். அவரை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஜாதகம் ஒரு நம்பிக்கையன்று. மிச்சமிருக்கும் பிள்ளையைச் சுற்றிக் கட்டிய வேலி. குளத்தைச் சுற்றிக் கட்டப்படாத வேலியை அவர் என்னைச் சுற்றிக் கட்டினார்.

பிப்ரவரியில் ஒரு காலை. நான் பாயின்மேல் எழுந்து நின்று, பாதங்கள் கோட்டின்மேல் சரியாக விழுந்தனவா என்று குனிந்து பார்த்தேன். நிலை தடுமாறிச் சுவரைப் பிடித்தேன். ஐந்தாறு முறை அப்படியே ஆயிற்று.

"அப்படி நிக்காதே" என்றார் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"முட்டியை விறைக்காதே. கொஞ்சம் மடக்கு. கால் நுனியைப் பார்த்தா விழத்தான் விழுவே. பத்தடி தள்ளிப் பாரு. மரத்தைப் பாரு. கால் தானா வரும்."

முப்பத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டியவர் அவர். மங்குகளிலிருந்து சேர்த்த பாலை இரண்டு வாளிகளில் நிரப்பி, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு, மழையில் ஊறிய செம்மண் சரிவில், பால் கொட்டகை வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கிவர வேண்டும். சிந்தினால் அன்றைய கூலியில் குறையும். அந்த நடையை நான் பிள்ளைப்பருவத்தில் நாள்தோறும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். அது ஒரு வித்தையென்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அம்மா பாயின்மேல் ஏறினார். எண்பது வயது உடம்பு. ஒரு கை என் தோளில். இடக்காலை முன்னே வைத்து, வலக்காலைப் பின்னே சற்றுக் குறுக்காக ஊன்றி, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முகத்தை நிமிர்த்தி நின்றார். மகள் அனுப்பியிருந்த படங்களில் அலைமேல் நிற்பவர்கள் எப்படி நிற்கிறார்களோ, அப்படியே நின்றார்.

"பாரம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் நீ சாயாதே, இடுப்பு மட்டும் போய் வரட்டும்" என்றார்.

அன்றிலிருந்து பாடம் அம்மாவிடம். மூங்கிற்கழி ஒன்றைத் தேடியெடுத்து, இரு வாளிகளில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, கொல்லைப்புறத்து ஈரத்தரையில் என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டார். அண்டைவீட்டுச் சீனக்கிழவர் வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தார். தண்ணீர் சிந்தும்போதெல்லாம் அம்மா 'ச்சு' கொட்டுவார். மூன்றாம் வாரம் சிந்துவது நின்றது. அவ்வளவு நாளும் அவர் கடல் என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை, நானும் உச்சரிக்கவில்லை.

புறப்படுவதற்கு முன்னாள் நகைகளைக் கழற்றினேன். மோதிரம் விரலைக் கிழிக்கும். சங்கிலி கழுத்தில் இறுகும். தாலிச் சங்கிலியைக் கழற்றும்போது மட்டும் கை தயங்கிற்று. எத்தனை சீர்திருத்தக் கட்டுரை படித்தும் கை தயங்குகிறதே என்று எனக்கே வெட்கமாயிருந்தது. கணவர் பார்த்தார். "கடலுக்கு என் பெயர் தெரியாது, கழற்றிப் பெட்டியில் வை" என்றார். பெட்டியில் வைத்தேன். அம்மா அதற்கும் ஒன்றும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம்.

காரில் போகும்போது மகள் என்னைப் பரீட்சை செய்துகொண்டே வந்தாள். பலகையை ஒருபோதும் எனக்கும் அலைக்கும் நடுவே பிடிக்கக்கூடாது. அலை அதைத் தூக்கி என் முகத்திலேயே அடிக்கும். விழுந்தால் தலைகீழாகப் பாயக்கூடாது. ஆழம் குறைவு, கழுத்து முறியும். உடம்பைப் பரப்பித் தட்டையாக விழுந்து, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு எழவேண்டும். கரைக்கு வந்து குவிந்த நீர் ஒரு வாய்க்கால்போல் திரண்டு கடலுக்குத் திரும்பும் இடமும் உண்டு. மேற்பார்வைக்கு அங்கே அலை குறைவாக, நீர் சற்றுக் கறுத்து, சாந்தமாகத் தோன்றும். அந்தச் சாந்தத்தை நம்பி இறங்குகிறவனை அது ஆழத்திற்கு இழுத்துப் போகும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவன் களைத்து மூழ்குவான். எதிர்க்காமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதன் பிடியிலிருந்து விலக வேண்டும். எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

செராத்திங்கில் காலை எட்டு மணிக்கு வானம் மூடியிருந்தது. ஆசிரியர் ஒரு மலாய் இளைஞர். என்னை 'மக்சிக்' என்று மரியாதையாக அழைத்தார். ஒன்பதடி நீளமுள்ள, மேற்புறம் மெத்தென்ற பலகை ஒன்றை மணலில் கிடத்தி, படுத்து எழச் சொன்னார். எழுந்தேன். இன்னொரு முறை என்றார். எழுந்தேன். பாதத்தைப் பார்க்கவில்லை, கடலுக்கு நடுவே தெரிந்த ஒரு படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "மக்சிக் இதற்குமுன் எங்கே கற்றீர்கள்?" என்று அவர் கேட்டார். ரப்பர்த் தோட்டத்தில் என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

பலகையோடு நம்மைப் பிணைக்கும் கயிறு பின்னங்காலில் கட்டப்பட வேண்டும். குனிந்து அதைக் கையிலெடுத்தபோது மகள் கைப்பேசியை நீட்டினாள். ஈப்போவிலிருந்து அம்மா.

"இறங்கிட்டியா?"

"இன்னும் இல்லைம்மா. இனிமேல்தான்."

சற்றுநேரம் பேச்சில்லை. அலையின் இரைச்சல் அவருக்கும் கேட்டிருக்கும்.

"கரையிலே யாராச்சும் நிக்கிறாங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஆசிரியர் இடுப்பளவு நீரில் இறங்கி எனக்காகக் காத்திருந்தார். தன் முறைக்குக் காத்து மகள் மணலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் துவாலையுடன் என் கணவர்.

"நிக்கிறாங்கம்மா" என்றேன்.

"சரி, போ" என்றார்.

கைப்பேசியை மகளிடம் கொடுத்துவிட்டு, கயிற்றை வலக்காலில் கட்டிக்கொண்டேன்.